ஜிப் வைத்த அட்டை: 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' எல்பி உறையை அருங்காட்சியகத்தில் எப்படி வைப்பது?

1971 ஏப்ரலில் ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கில ராக் குழுவின் 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' எல்பி, அதாவது நீண்டநேர இசைத்தட்டு, கடைகளுக்கு வந்தபோது அதன் அட்டையில் ஒரு ஜிப் இருந்தது. அச்சடித்த படம் அல்ல, பிடித்து இழுத்தால் இறங்குகிற நிஜமான உலோக ஜிப். யோசனை ஓவியர் ஆண்டி வார்ஹாலுடையது. அதை அட்டையாகச் செய்து காட்டியவர் கிரெய்க் பிரான் என்ற வடிவமைப்பாளர். வாங்கியவர்கள் முதல் வேலையாக அந்த ஜிப்பைத்தான் இழுத்துப் பார்த்திருப்பார்கள்.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இசைத்தட்டு உறைகள் இப்போது கலைக்கூடச் சுவர்களில் மாட்டப்படுகின்றன. அவற்றுக்கென்று தனிக் கண்காட்சிகள் நடக்கின்றன, தொகுப்பு நூல்கள் வருகின்றன. எனக்கு இதில் உண்மையான மகிழ்ச்சி. அச்சகத்தில் லட்சக்கணக்கில் அடித்து, கடையில் பாட்டோடு சேர்த்து விற்ற ஒரு சதுர அட்டையைக் கலைப்பொருளாக ஏற்றுக்கொள்ள அருங்காட்சியகங்களுக்கு வெகுகாலம் பிடித்தது. ஆனால் ஏற்றுக்கொண்ட விதத்தில் ஒரு கோளாறு இருக்கிறது. கையால் திறந்து பார்ப்பதற்கென்றே செய்த பொருளைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் தட்டையாக மாட்டிவிடுகிறோம். அதனால் எது தொலைகிறது என்பதற்கு இந்த ஜிப் அட்டையைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

இந்த அட்டையின் கதையில் மிக முக்கியமான அத்தியாயம் அது செய்த சேதம். அருங்காட்சியகம் காட்ட வேண்டியதும் அந்தச் சேதத்தைத்தான் என்பது என் கட்சி.

அட்டைக்குப் படம் வந்த கதை, சுருக்கமாக

1930களின் இறுதிவரை இசைத்தட்டுகள் பெரும்பாலும் வெறும் பழுப்புக் காகித உறையில்தான் வந்தன. பல தட்டுகளைச் சேர்த்து ஆல்பமாகக் கட்டினாலும் மேலே பெயர் மட்டும் பொறித்த கெட்டி அட்டைதான். 1939இல் கொலம்பியா ரெக்கார்ட்ஸில் கலை இயக்குநராகச் சேர்ந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞர் இதை மாற்றினார். ராட்ஜர்ஸ் - ஹார்ட் என்ற பாடலாக்க இணையின் பாடல் தொகுப்புக்காக 1940இல் அவர் செய்த அட்டையில், நியூயார்க் நாடக அரங்கு ஒன்றின் முகப்பு விளக்குப் பலகையில் ஆல்பத்தின் பெயரே மின்னியது. அதன் பிறகு படமில்லாத உறை பழசாகிப்போனது. 1948இல் கொலம்பியா பன்னிரண்டு அங்குல எல்பியைக் கொண்டுவந்ததும், ஓவியர்களுக்கும் புகைப்படக்காரர்களுக்கும் ஏறக்குறைய ஓரடிக்கு ஓரடி சதுரம் நிலையாகக் கிடைத்தது.

வார்ஹால் அந்தச் சதுரத்துக்குள் நுழைந்தது 1949இல். உலகப் புகழுக்கெல்லாம் வெகு முன்பு, கூலிக்குப் படம் வரைந்துகொண்டிருந்த காலம் அது. 1957இல் வெளியான மூன்டாக் என்ற தெருவோர இசைக்கலைஞரின் எல்பிக்கு அட்டை முழுவதும் கையெழுத்துதான். எழுதியவர் வார்ஹாலின் தாய் ஜூலியா வார்ஹோலா. அதற்குக் கிடைத்த விருதில் அவர் பெயர்கூட இல்லை, 'ஆண்டி வார்ஹாலின் தாய்' என்றுதான் குறித்தார்கள். வார்ஹால் பெயரில் நிற்கும் அட்டைகளுக்குப் பின்னால் வேறு கைகள் இருப்பது ஆரம்பத்திலிருந்தே உள்ள வழக்கம். ஜிப் அட்டைக்கு வரும்போது இது பெரிய விஷயமாகிறது.

முன்கூட்டியே வந்த எச்சரிக்கை

1969 ஏப்ரல் 21 தேதியிட்ட ஒரு கடிதம் இருக்கிறது. ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகர் வார்ஹாலுக்கு எழுதியது. அப்போது வரவிருந்த ஒரு பாடல் தொகுப்புக்கு அட்டை செய்ய வார்ஹால் ஒப்புக்கொண்டதற்கு நன்றி சொல்லி, இரண்டு பெட்டி நிறைய மூலப்பொருள்களும் இசைத்தட்டும் அனுப்பியிருப்பதாக ஜாகர் எழுதுகிறார். பிறகு தன் சின்ன அனுபவத்திலிருந்து ஒன்று சொல்கிறார்: அட்டையின் அமைப்பு எவ்வளவுக்கு எவ்வளவு சிக்கலாகிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு அச்சு கெட்டுப்போகும், தாமதமும் உயிரை வாங்கும். சரி, இருந்தாலும் எல்லாம் உங்கள் கையில், என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்று விட்டுவிடுகிறார். நியூயார்க்கில் ஒருவர் தொடர்புகொள்வார், பதற்றமாக நின்று அவசரப்படுத்துவார், அவரைப் பெரிதாகக் கண்டுகொள்ள வேண்டாம் என்றும் கடைசியில் எழுதியிருக்கிறார்.

இரண்டு ஆண்டு கழித்து நடந்ததைப் பார்த்தால், ஜாகர் சொன்னது வரிக்கு வரி பலித்தது. 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' அட்டையோடு காட்டுவதற்கு இந்தக் கடிதத்தைவிடப் பொருத்தமான ஆவணம் கிடைக்காது. கலைஞனின் சுதந்திரம், வியாபாரத்தின் அவசரம், தொழிற்சாலையின் எல்லை மூன்றும் ஒரே தாளில் இருக்கின்றன. பிரபலம் எழுதிய சுவாரசியமான கடிதம் என்ற அளவில் மட்டும் இதை வைப்பது பெரிய வீண்.

கையில் எடுத்தால்

முன்பக்கம் இறுக்கமான ஜீன்ஸ் அணிந்த ஓர் ஆணின் இடுப்பு முதல் தொடை வரை. முகம் கிடையாது. கறுப்பு வெள்ளைப் படம். பின்பக்கம் அதே ஜீன்ஸின் பின்புறம். அதாவது அட்டையைத் திருப்பினால் ஆளையே திருப்பியது மாதிரி. படத்தில் இருப்பது ஜாகர்தான் என்று ரசிகர்கள் நெடுநாள் நம்பினார்கள், அவர் இல்லை. வார்ஹால் பல பேரை வைத்துப் படம் எடுக்கச் செய்தார், எது யார் என்று கடைசிவரை சொல்லவில்லை.

ஜிப் பொருத்தியிருக்கும் இடத்தில் அட்டை வெட்டுப்பட்டிருக்கும். முதல் பதிப்பில் பெல்ட் கொக்கியைச் சுற்றிலும் துளைக்கோடு உண்டு. ஜிப்பை இறக்கி, கொக்கிப் பகுதியைப் பிரித்துத் திறந்தால் உள்ளே இன்னோர் அட்டை. அதில் வெள்ளை உள்ளாடையின் படம். அதன் மேல் ரப்பர் முத்திரை குத்தியதுபோல வார்ஹாலின் பெயர். கீழே, இந்தப் புகைப்படத்தை இன்னின்னது செய்யக்கூடாது என்று தொடங்கி, 'இத்தியாதி' என்று பாதியிலேயே முடிந்துவிடுகிற ஒரு சட்ட எச்சரிக்கை. ஜிப் வெளியாருக்கு, உள்ளாடை திறந்தவருக்கு, அந்தப் பாதி வாக்கியம் குனிந்து படிப்பவருக்கு.

இந்த உள் அட்டையைக் கிளுகிளுப்புக்காக வைத்தது என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். பிரான் சொன்ன காரணம் வேறு. ஜிப்பின் உட்புறம் தட்டில் உரசிக் கீறாமல் இருக்க நடுவில் ஒரு தடுப்பு தேவைப்பட்டது. தடுப்பு எப்படியும் வேண்டும் என்றான பிறகு அதிலும் ஒரு படம் போட்டார்கள். தொழிற்சாலைத் தேவையிலிருந்து பிறந்த கலை இது. அட்டையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியிலிருந்த ஸ்பெயினில் இது எதுவும் நடக்கவில்லை. தணிக்கை அட்டையை விடவில்லை. திறந்த தகர டப்பாவிலிருந்து விரல்கள் எட்டிப் பார்க்கும் வேறொரு படத்தோடு அங்கே வெளியிட்டார்கள். ஒரு பாட்டையும் எடுத்துவிட்டார்கள். எடுத்த பாட்டு 'சிஸ்டர் மார்ஃபின்'. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்து வருவதும் அதே பாட்டுதான்.

பள்ளம் விழுந்த பாட்டு

தட்டைச் சுற்றித் தடுப்பு அட்டை வைத்தார்கள், சரி. ஆனால் எல்பிகள் தனித்தனியாகப் பயணம் செய்வதில்லை. பெட்டியில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, பெட்டிகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றி, லாரியில் போகின்றன. அடுக்கில் ஒரு பிரதியின் ஜிப் அதற்கு மேலே இருக்கும் பிரதியின் மீது அழுந்துகிறது. ஜிப்பின் தலைப்பகுதி, அதாவது பிடித்து இழுக்கும் கொக்கி இருக்கும் இடம்தான் மிகத் தடிமனானது. மேலிருந்து கனம் இறங்க இறங்க அந்த ஒரு புள்ளியில் மொத்த அழுத்தமும் சேர்கிறது. இசைத்தட்டு என்பது பிவிசி பிளாஸ்டிக். தொடர்ந்து அழுத்தினால் வளையும், பள்ளம் விழும்.

அப்படி விழுந்த பள்ளம் இரண்டாம் பக்கத்தின் மூன்றாம் பாட்டில், 'சிஸ்டர் மார்ஃபின்' ஓடும் இடத்தில் போய் உட்கார்ந்தது. ஜிப்பை முழுக்க ஏற்றி மூடியிருக்கும்போது அதன் தலை அட்டையின் எந்த உயரத்தில் நிற்கிறதோ, தட்டில் அதே இடத்தில் ஊசி ஓடும் அந்தப் பாட்டின் தடங்கள் இருந்தன. கடைகளிலிருந்து பழுதான தட்டுகள் திரும்பி வந்தன. விநியோகம் செய்த அட்லாண்டிக் நிறுவனம் பிரானின் மீது வழக்குப் போடுவதாக மிரட்டும் அளவுக்குப் போனது.

பிரான் கண்டுபிடித்த தீர்வு அழகானது. ஜிப்பை எடுக்கவில்லை, அட்டையை மாற்றவில்லை, தடுப்பைத் தடிமனாக்கவில்லை. பெட்டியில் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு பிரதியின் ஜிப்பையும் பாதிவரை கீழே இறக்கிவிடச் சொன்னார். அவ்வளவுதான். தலை அட்டையின் நடுப்பகுதிக்கு வந்துவிடுகிறது. தட்டின் நடுவில் பாட்டு கிடையாது, ஏறக்குறைய நான்கு அங்குல அகலத்துக்கு வட்டமான காகித லேபிள்தான். அங்கே பள்ளம் விழுந்தால் விழட்டும், ஊசி அங்கே போகப்போவதில்லை.

ஆக, பாதி இறங்கிய ஜிப் ஒரு தொழில்நுட்ப முடிவு. அதோடு, கடைக்குப் போன அட்டையின் பொருளையும் அது மாற்றிவிட்டது. வார்ஹால் நினைத்தது மூடிய ஜிப், வாங்கியவர் திறக்க வேண்டும். வாங்கியவர் கையில் கிடைத்ததோ ஏற்கெனவே பாதி திறந்த ஜிப். சரக்கு லாரியின் கனம் ஒரு கலைப்படைப்பைத் திருத்தி எழுதியது என்று சொன்னால் மிகையாகாது.

காளியின் நாக்கும் ஃபேக்ஸ் நாக்கும்

உலகம் முழுக்க சட்டைகளில் திரியும் சிவப்பு உதடு - நாக்கு சின்னம் முதன்முதலில் வெளியே வந்தது இந்த ஆல்பத்தோடுதான். அதை வார்ஹால் வரைந்தார் என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். வரைந்தவர் ஜான் பாஷ், அப்போது லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட் மாணவர். 1970இல் ஜாகர் அவரைக் கூப்பிட்டு, பக்கத்துக் கடையில் பார்த்த காளி படம் ஒன்றைக் காட்டியிருக்கிறார். இந்தியச் சாயலில் எதையாவது செய்வது அப்போது லண்டனில் பெரிய மோஸ்தர். பாஷுக்கு அதில் நாட்டமில்லை. ஆனால் வெளியே நீட்டிய அந்த நாக்கு அவரைப் பிடித்துக்கொண்டது. காளி கோயில் வாசலில் நின்று பழகிய நமக்கு அந்த நாக்கின் வீரியத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. பாஷுக்கு முதலில் கிடைத்த கூலி 50 பவுண்டு. 1972இல் மேலும் 200 பவுண்டு கொடுத்தார்கள்.

2008இல் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் பாஷின் மூல ஓவியத்தை அமெரிக்க ஏலம் ஒன்றில் 92,500 டாலருக்கு வாங்கியது. பாதிப் பணம் ஆர்ட் ஃபண்ட் என்ற அறக்கட்டளை தந்தது. நல்ல காரியம். ஆனால் எதை வாங்கினார்கள் என்று பார்க்க வேண்டும். ஆல்பம் தயாராகிக்கொண்டிருந்தபோது நியூயார்க்கிலிருந்த பிரானுக்குச் சின்னம் அவசரமாகத் தேவைப்பட்டது. லண்டனிலிருந்து ஃபேக்ஸில் வந்து சேர்ந்தது சின்னதாக, பொரிபொரியாக ஒரு கறுப்பு வெள்ளை உருவம். பிரான் அதைப் பெரிதாக்கி, ஓர் ஓவியரை வைத்துக் கோடுகளைத் திருத்தி வரையச் செய்தார். அமெரிக்கப் பதிப்பில் போனது அந்தத் திருத்திய நாக்கு. ஐரோப்பியப் பதிப்பில் பாஷ் வரைந்தபடி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

ஆகவே அருங்காட்சியகத்தில் இருக்கும் மூலம் உண்மையில் இரண்டு வழித்தோன்றல்களில் ஒன்றுக்குத்தான் நேர்மூலம். இன்னொன்றுக்கு மூலம் ஒரு ஃபேக்ஸ் தாள். மூல ஓவியம் வரையும் கையைக் காட்டும். அச்சான உறையோ அது உலகத்துக்கு எப்படிப் போனது என்பதைக் காட்டும். இசைத்தட்டு அட்டை என்ற கலையின் உயிர் இரண்டாவதில் இருக்கிறது என்பேன். கையால் வரைந்த ஒற்றைத் தாளுக்கு லட்சங்களில் விலை, லட்சக்கணக்கில் அடித்த அட்டைக்கு ஓரமாய் ஓர் இடம் என்கிற பழக்கத்தை அருங்காட்சியகங்கள் இந்தக் கலைக்கு அப்படியே பொருத்தக்கூடாது.

சுவரில் மாட்டும்போது

அமெரிக்காவின் மிச்சிகனில் உள்ள கிரான்புரூக் கலை அருங்காட்சியகம் 2014இல் வார்ஹாலின் இசைத்தட்டு அட்டைகளுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது. 1949இல் தொடங்கி 1987இல் அவர் இறந்தது வரையிலான அட்டைகள். தொகுப்பாக வைக்கும்போது பெரிய நன்மை உண்டு: மை ஒற்றி வரைந்த கோட்டோவியத்திலிருந்து பட்டுத்திரை அச்சு உருவப்படம் வரை ஒரு கலைஞரின் கை மாறிய விதம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

சிக்கல் வருவது தொட்டால் மாறும் அட்டைகளில்தான். 1967இல் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவுக்கு வார்ஹால் செய்த வாழைப்பழ அட்டையையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். மஞ்சள் தோல் ஒரு ஸ்டிக்கர். மெதுவாக உரித்துப் பார் என்று பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். உரித்தால் உள்ளே இளஞ்சிவப்புப் பழம். உரிக்காத பிரதிக்குத்தான் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு அதிகம். அதாவது அட்டை சொன்னபடி யார் செய்யவில்லையோ அவருடைய பிரதி உயர்ந்தது. அருங்காட்சியகமும் அந்தச் சந்தை மதிப்பை அப்படியே எடுத்துக்கொண்டு உரிக்காத பழத்தை மட்டும் மாட்டினால், ஒரு மஞ்சள் வாழைப்பழச் சுவரொட்டியைத்தான் காட்டுகிறது. உரித்தது ஒன்று, உரிக்காதது ஒன்று என்று இரண்டும் வேண்டும். வாழைப்பழத்தை ஒருமுறை உரித்தால் உரித்ததுதான். ஜிப்பை ஏற்றி இறக்கலாம். அந்த வகையில் 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' காட்சிக்கு வைப்பவர்களுக்குச் சாதகமான அட்டை. அப்படியிருந்தும் அது பெரும்பாலும் வாழைப்பழத்தைப் போலவே முன்பக்கம் மட்டும் தெரிய, தட்டையாக மாட்டப்படுகிறது.

பாதுகாப்புக் காரணங்கள் நியாயமானவை, அவற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அச்சடித்த காகிதத்துக்குப் பொதுவாக 50 லக்ஸ் அளவு வெளிச்சத்துக்கு மேல் போகக்கூடாது. அதைத் தாண்டினால் மை வெளிறும், சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் போகும். அட்டைக்குள் தட்டை வைத்தே தொங்கவிட்டால் ஓரங்கள் கிழியும், வட்டத் தேய்மானம் விழும். ஜிப் அட்டையில் கூடுதலாக ஒன்று: உலோகமும் காகிதமும் ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கிடந்தால் ஈரப்பதத்தில் உலோகம் கறுத்து, அந்தக் கறை காகிதத்தில் இறங்கும். ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் ஜிப் ஒட்டியிருக்கும் விளிம்பில் அட்டை இளகும். பார்வையாளர்களை இழுக்க விடுவது நடக்காத காரியம்.

ஆனால் தொடவிடுவதும் கண்ணாடிக்குள் பூட்டுவதும் தவிர வேறு வழிகள் இருக்கின்றன. டியூக் பல்கலைக்கழகத்தின் நாஷர் அருங்காட்சியகம் 2010இல் வினைல் தட்டுகளைப் பற்றி நடத்திய கண்காட்சியில், கலைஞர்களும் இசைக்கலைஞர்களும் தேர்ந்தெடுத்த எல்பிகளைப் பெட்டிகளில் வைத்து, வந்தவர்கள் புரட்டிப் பார்க்கவும் கேட்கவும் ஏற்பாடு செய்தார்கள். பழைய ரெக்கார்டு கடையில் நின்று விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போகும் அந்த அசைவு இந்தக் கலையின் ஒரு பகுதி. அதற்கு இடம் கொடுத்த கண்காட்சி என்பதாலேயே எனக்கு அதன் மீது மரியாதை.

இந்த அட்டைக்கு என்ன செய்யலாம்

முதலாவதாக, பிரதியைத் தேர்ந்தெடுப்பதில் மாற்றம் வேண்டும். அருங்காட்சியகங்கள் இயல்பாகவே கசங்காத, பிரிக்காத பிரதியைத் தேடுகின்றன. இங்கே தேட வேண்டியது பழுதான பிரதியை. ஜிப்பின் தடம் பதிந்த தட்டு ஒன்று கிடைத்தால் அதை உறையிலிருந்து வெளியே எடுத்து, இரண்டாம் பக்கம் மேலே இருக்கும்படி தனியாக வைக்க வேண்டும். நேர் வெளிச்சத்தில் பள்ளம் தெரியாது. ஓவியங்களின் மேற்பரப்பைச் சோதிப்பவர்கள் செய்வதுபோல, பக்கவாட்டிலிருந்து தாழ்ந்த கோணத்தில் ஒளி விழச் செய்தால் பாட்டின் தடங்கள் எங்கே நசுங்கியிருக்கின்றன என்பது நிழலோடு தெரியும். அந்தப் பிரதியையே ஓட்டிக்காட்ட வேண்டியதில்லை. ஒருமுறை கவனமாக ஓட்டிப் பதிவுசெய்து, காதில் மாட்டிக் கேட்கக் கொடுக்கலாம். ஊசி அந்தப் பள்ளத்தில் விழுந்து எழும் சத்தத்தைக் கேட்டவருக்கு ஜிப் ஏன் இறங்கியது என்று பக்கம் பக்கமாக விளக்க வேண்டியிருக்காது.

அப்புறம், ஜிப்பின் நிலை. ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்று அதை மேலே ஏற்றி மூடி மாட்டினால், கடைக்கு வந்த நிலையை நாமே அழிக்கிறோம். இரண்டு பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது எளிது: ஒன்றில் மூடிய ஜிப், வார்ஹால் நினைத்தபடி. இன்னொன்றில் பாதி இறங்கியது, பிரான் அனுப்பச் சொன்னபடி. மூன்றாவதாக ஒன்றை முழுக்கத் திறந்து, உள்ளாடை அட்டையும் அந்தப் பாதி எச்சரிக்கையும் தெரிய, சாய்ந்த தாங்கியில் கிடையாக வைக்கலாம். சுவரில் மாட்டினால் திறந்த மடலின் கனமே மடிப்பைக் கிழித்துவிடும். பின்பக்கத்தைக் காட்ட, நான்கு புறமும் சுற்றி வரக்கூடிய கண்ணாடிப் பேழை போதும். ஸ்பானிய டப்பா விரல் அட்டையும் பக்கத்தில் இருந்தால், ஒரே ஆல்பம் இரு வேறு நாடுகளில் எந்தெந்தக் காரணத்துக்காக மாறியது என்பது கூடவே தெரியும்.

ஜிப்பை இழுத்துப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு மறுபதிப்பு. 2015இல் வந்த மறுவெளியீட்டின் சில பதிப்புகளிலும் நிஜ ஜிப் உண்டு. அதை ஒரு மேசையில் கட்டி வைத்துவிடலாம். தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

கடைசியாக, பெயர்ப்பலகை. பொதுவாக 'ஆண்டி வார்ஹால், 1971' என்று ஒரு வரியோடு நின்றுவிடுவார்கள். இந்த அட்டைக்கு நான் கேட்பது இவ்வளவு: 'யோசனை: ஆண்டி வார்ஹால். அட்டை அமைப்பும் ஜிப் ஏற்பாடும்: கிரெய்க் பிரான். நாக்குச் சின்னம்: ஜான் பாஷ், அமெரிக்கப் பதிப்பில் பிரானின் திருத்தத்தோடு. ஆஃப்செட் அச்சு, அட்டை, உலோக ஜிப், பிவிசி தட்டு. இரண்டாம் பக்கம் மூன்றாம் பாட்டில் ஜிப் பதிந்த பள்ளம்.' பழுது என்ற தனிக் குறிப்பில் அதைத் தள்ளாமல், பொருள்களின் பட்டியலிலேயே அந்தப் பள்ளத்தையும் எழுத வேண்டும்.